45 நாள் மையத்தில் இருந்துவிட்டு வந்த தம்பி, மூன்றாம் நாளே விழுந்தது ஏன்?

பவானிக்கரை | வெள்ளி இரவு 10:40

வணக்கம். இங்கே நான் எழுதியதில்லை, படிப்பதோடு சரி. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஒரே தம்பி, 23 வயது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்கு மூட்டை தூக்கப் போனான். ஒரு மூட்டை அறுபது, எழுபது கிலோ வரும். லாரி வந்துவிட்டால் ராத்திரி பகல் கிடையாது. இரண்டே வருஷத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலியும் கிடையாது. கூட மூட்டை தூக்கியவர் ஒருவர், "இதப் போடு, மூட்டை பஞ்சு மாதிரி இருக்கும்" என்று ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். டபென்டடால். வலிக்குக் கொடுக்கும் மாத்திரைதான். அந்த ஆளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவரும் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தார்.

முதலில் வாயில் போட்டிருக்கிறான். அப்புறம் ஊசி. எங்களுக்குத் தெரிந்தது அப்பாவின் சிரிஞ்சால்தான். அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். பத்து சிரிஞ்சு வாங்கி வந்தால் ஆறுதான் இருக்கும். அம்மா மெடிக்கல் ஷாப்புக்கே போய், "எண்ணிக் குடுக்க மாட்டீங்களா?" என்று சண்டை போட்டுவிட்டு வந்தார். சித்திரை வெயிலில் இவன் முழுக்கைச் சட்டையோடு மண்டிக்குப் போனான். சட்டையைக் கழற்றினாலும் கையெல்லாம் மஞ்சள் தூள் படிந்திருக்கும், ஒன்றும் தெரியாது. ஒருநாள் தொட்டியில் கை கழுவும்போது தூள் கரைந்து ஓடியது, அப்போது பார்த்தேன். முழங்கை மடிப்பில் வரிசையாகக் கருப்புப் புள்ளிகள். பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி.

சொந்தக்காரர் சொன்னார் என்று ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். 45 நாள் வைத்திருந்தார்கள். டாக்டர் என்று ஒருவரை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. முதல் வாரம் அவன் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தபோது காலில் சங்கிலி போட்டிருக்கிறார்கள், பைப்பால் அடித்திருக்கிறார்கள். இதெல்லாம் வெளியே வந்த பிறகுதான் சொன்னான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நன்றாக இருந்தான், அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்து வைத்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் குளியலறைக் கதவைத் தட்டினால் பதில் இல்லை. உடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. குறட்டை மாதிரி ஒரு சத்தம், ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு சத்தம். 108 வந்து, அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான்.

"சாகணும்னே போட்டியா?" என்று கேட்டேன். "இல்லண்ணா, எப்பவும் போடற அளவுதான்" என்றான்.

எனக்கு இரண்டு கேள்வி. 45 நாள் தொடாதவன் மூன்றாம் நாளே ஏன் அதைத் தேடிப் போனான்? எப்போதும் போடும் அளவு இந்த முறை மட்டும் ஏன் அவனைச் சாய்த்தது?

வெள்ளிமலை | வெள்ளி இரவு 11:15

உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். மாத்திரை கொடுத்தவரைத் திட்ட மனசு வரவில்லை என்கிறீர்கள், அங்கேதான் தப்பு. சேர்க்கைதான் எல்லாவற்றுக்கும் காரணம். என் சித்தப்பா மகன் கல்லூரியில் கஞ்சா பிடித்தான். இழுத்து வந்து, நாலு அறை விட்டு, ஊரிலேயே ஆடு மேய்க்க வைத்தோம். இன்றைக்குக் கல்யாணமாகிக் குடும்பமாக இருக்கிறான். உறுதி வேண்டும். வீட்டில் பயம் இருக்க வேண்டும்.

ராத்திரி டூட்டி | சனி காலை 6:50

இப்போதுதான் டூட்டி முடிந்து வந்தேன். அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பதினான்கு வருஷமாக நர்ஸ். தம்பி, முதலில் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உயிர் போகிற விஷயம் அதுதான்.

டபென்டடால், டிரமடால், மார்ஃபின், ஹெராயின் எல்லாம் ஒரே குடும்பம். ஓபியாய்டு என்போம். வலியை அடக்குகிற அதே நேரம், மூச்சு விடச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளையையும் மட்டுப்படுத்தும். தினமும் போடும்போது உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது. ஒன்று போட்டால் கிடைத்தது இரண்டு போட்டால்தான் கிடைக்கும், அப்புறம் நாலு. புதிதாகப் போடும் ஒருவரைச் சாய்த்துவிடும் அளவு இவர்களுக்குச் சாதாரணமாகிவிடும். நிறுத்திவிட்டால் இந்தப் பழக்கம் சில வாரங்களிலேயே குறைந்துவிடுகிறது. உங்கள் தம்பியின் உடம்பு 45 நாளில் பழைய உடம்பாகிவிட்டது. கைக்குத் தெரிந்ததோ பழைய கணக்கு. மையத்தை விட்டு வந்த முதல் வாரங்களிலும், ஜெயிலை விட்டு வந்த முதல் வாரங்களிலும்தான் இப்படிச் சாவு அதிகம். வீட்டுக்காரர்களோ, ஆள் தேறி வந்துவிட்டான் என்று நிம்மதியாகத் தூங்குவது அப்போதுதான்.

அவருக்குப் போட்டது நலோக்சோனாக இருக்கும். ஓபியாய்டை அதன் இடத்திலிருந்து தள்ளிவிட்டு மூச்சைத் திருப்பும் மருந்து. சில நிமிஷத்தில் வேலை செய்யும். ஆனால் அதன் வேகம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் தணிந்துவிடும், போட்ட மாத்திரை உள்ளே இன்னும் இருக்கும். கண் திறந்துவிட்டாரே என்று கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். ஆள் நன்றாக இருக்கிறார் என்று டாக்டர் சொல்லும்வரை ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். உதடு நீலம், கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, தட்டினால் எழவில்லை என்றால் 108க்குக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நேரே நுரையீரலுக்குப் போய்விடும். என்ன போட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "ஃபிட்ஸ் வந்துடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார்கள். நாங்கள் கையைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் போகிற ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்குப் போகிற சேதம்.

மருந்துக்கடை | சனி காலை 9:20

22 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் அம்மா சண்டை போட்டதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. அந்தக் கடைக்காரர் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

வெள்ளிமலை சேர்க்கை என்கிறார். சரி, சேர்க்கையும்தான். ஆனால் மாத்திரை எங்கிருந்து வந்தது? டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ரெஜிஸ்டர், கணக்கு, கெடுபிடி எல்லாம் வந்தன. டிரமடாலைக் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். அடுத்து அதே வயசுப் பையன்கள் வந்து டபென்டடால் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசல், அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் டபென்டடாலோடு காரிசோப்ரொடால் என்ற தசை தளர்த்தும் மருந்தும் சேர்ந்த மாத்திரையை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது வெளியே தெரிந்து, அந்த ஏற்றுமதி அனுமதியை ரத்து செய்தார்கள். இங்கிருந்து கானா, நைஜீரியா வரைக்கும் போய் அங்கே தெருவில் விற்றிருக்கிறது.

எங்கள் ஊரில் கடையில் கிடைக்காது என்று தெரிந்ததும் வெளிமாநிலத்திலிருந்து கூரியரில் வரவழைத்து, ஒரு மாத்திரை இவ்வளவு என்று அட்டையைப் பிரித்து விற்கிறார்கள். "இல்லை தம்பி" என்று சொன்னதற்கு ஒருமுறை என் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனான் ஒரு பையன். மறுநாள் அவன் அப்பா வந்து, கண்ணாடிக்குக் காசு கொடுத்துவிட்டு, "கேட்டா குடுத்துடாதீங்கய்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் கொடுக்கிற கடைகளும் உண்டு. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அவர்கள், எனக்கு அது வெட்கம்தான்.

ஒன்பது வருஷம் | சனி மதியம் 2:05

தம்பி பவானிக்கரை, உங்கள் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். நான் அதை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் அதில் கிடந்தேன்.

எனக்கு ஊர் ராயபுரம் பக்கம். 94-95 வாக்கில் பிரவுன் சுகர், அதாவது மட்டரக ஹெராயின், புகையில் ஆரம்பித்தேன். பொட்டலம் விலை ஏறியதும், புப்ரெனார்ஃபின் என்ற ஊசி மருந்தை, அதுவும் ஓபியாய்டுதான், கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டோம். ஆகவே இன்றைக்கு ஏதோ புதிதாக மாத்திரை ஊசி வந்துவிட்டது என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு வேறு மாதிரி இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்பே நாங்கள் மெடிக்கல் ஷாப்பிலிருந்துதான் வாங்கினோம். ஒரே சிரிஞ்சை நாலு பேர் போட்டோம். எச்ஐவி என்ற பெயர் எங்கள் காதுக்கு வருவதற்குள் அது எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. ஏழு பேர் சேர்ந்து சுற்றினோம், மூன்று பேர் இருக்கிறோம்.

வெள்ளிமலை சார், உங்கள் சித்தப்பா மகன் மீண்டது எனக்குச் சந்தோஷம். ஆனால் அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஓபியாய்டை நிறுத்தினால் உடம்பு என்ன செய்யும் தெரியுமா? கடைசியாகப் போட்டதிலிருந்து அரை நாளில் கொட்டாவி வரும். ஒன்று இரண்டு இல்லை, தாடை வலிக்கிற அளவுக்கு. மூக்கும் கண்ணும் ஒழுகும். மே மாத வெயிலில் மயிர் கூச்செறிந்து போர்வை கேட்கும். எலும்புக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், காலை ஒரு இடத்தில் வைக்க முடியாது. வயிற்றுப்போக்கு. இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சம். அந்த நேரத்தில் ஒரே ஒரு ஊசி போட்டால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் நின்றுவிடும் என்று உங்களுக்குத் தெரியும். பயம் அங்கே என்ன செய்யும்? என் அப்பா பெல்ட்டால் அடித்தார். அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பொட்டலத்துக்கு யாரிடம் காசு கேட்கலாம் என்றுதான் யோசித்தேன். முதல் வருஷம் நான் சுகத்துக்காகப் போட்டேன். மிச்சமெல்லாம் இந்த வலி வராமல் இருப்பதற்காகப் போட்டது.

இந்த உடம்பு வலி பத்து நாளில் போய்விடும். உங்கள் தம்பிக்கும் போயிருக்கும். அதற்குப் பிறகு ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. தூக்கம் வராது. சாப்பாடு ருசிக்காது. பாட்டு, கிரிக்கெட், குழந்தை சிரிப்பது, எதைப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் அசையாது. மாசக்கணக்கில் இப்படி இருக்கும். மையத்தில் அடித்துப் பூட்டி வைத்திருந்தபோது இதைப் பற்றி ஒருவராவது அவனிடம் பேசினார்களா? அப்புறம் இன்னொன்று. அவன் இடுப்பு வலி என்ன ஆனது? அந்த வலிக்குத்தானே முதல் மாத்திரை. திரும்பி வந்தவனுக்கு அதே இடுப்பு, அதே மண்டி, அதே மூட்டை. மாத்திரையை மட்டும் எடுத்துவிட்டீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டிலும் இதைத்தான் செய்தார்கள், ஆறு முறை.

பவானிக்கரை | சனி மாலை 5:30

கோபம் இல்லை அண்ணா. இடுப்பை யாரிடமும் காட்டவில்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. 45 நாளும் "திருந்திட்டானா?" என்று கேட்டேன், "வலிக்குதா?" என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

கையில் இருந்த கட்டியைக் கீறிச் சீழ் எடுத்திருக்கிறார்கள். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள். அப்பா வெளியே தெரிந்துவிடும் என்று தயங்குகிறார்.

ராத்திரி டூட்டி | சனி மாலை 6:10

தயங்கவே வேண்டாம், எடுக்கச் சொல்லுங்கள். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றும். சி வகை பெரும்பாலும் பல வருஷம் சத்தமில்லாமல் கிடந்து ஈரலைத் தின்னும். ஆனால் இப்போது அதற்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலானோருக்குக் குணமாகிவிடுகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம்.

மாத்திரை என்பது வாயில் போடுவதற்குச் செய்தது. மருந்து அதில் கொஞ்சம்தான், மிச்சம் மாவும் டால்க்கும் போன்ற பொருள்கள். அவை ரத்தத்தில் கரையாது. நரம்பு வழியே ஏற்றினால் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். கிருமி போனால் இதய வால்வில் உட்கார்ந்துவிடும். இருபது வயசுப் பையன்களுக்குக் கால் வீங்கிக் கறுத்து வருவதைப் பார்க்கிறேன். குளுக்கோஸ் ஏற்ற ஒரு நரம்பு கிடைக்காமல் கழுத்தில் தேடுவோம். பத்து நாளாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது என்று அவன் சொன்னால் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

நாலாவது வீடு | ஞாயிறு காலை 11:00

நான் ஒரு அம்மா. என் மகன் போய் இரண்டு வருஷம். கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். ரூமில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். இவன் பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்ததும் மற்ற இரண்டு பேரும் போலீஸ் வந்துவிடும் என்று பயந்து கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களும் பத்தொன்பது வயசுப் பிள்ளைகள். அவர்களைச் சபித்துச் சபித்து எனக்குச் சலித்துவிட்டது. யாராவது ஒருவர் 108க்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

பவானிக்கரை கண்ணு, நீங்கள் கதவை உடைத்தீர்கள். அது போதும் சாமி.

வெள்ளிமலை | ஞாயிறு மதியம் 12:40

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நான் முதலில் எழுதியது பவானிக்கரையைக் காயப்படுத்தியிருந்தால் மன்னிக்க வேண்டும். ஒரு சந்தேகம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் உண்மையிலேயே கேஸ் ஆகிவிடுமா? அந்தப் பிள்ளைகள் பயந்ததில் நியாயம் இருக்கிறதா?

கோர்ட் வராண்டா | ஞாயிறு மாலை 4:15

வக்கீல் அலுவலகத்தில் வேலை. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் வந்தது. அதில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், தானாக முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு. பாதியில் சிகிச்சையை விட்டால் விலக்கைத் திரும்பப் பெற்றுவிடலாம். விற்றவர்களுக்கு இது கிடையாது. ஸ்டேஷனில் இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

அந்த மையம் பற்றி: 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் உள்ளடக்கியது. அதன் 95ஆவது பிரிவு, எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. தனியாக அடைத்து வைக்கவும் கூடாது. பதிவு இல்லாமல் மையம் நடத்துவதே குற்றம். தம்பி கொஞ்சம் தேறியதும் மாவட்ட மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். சங்கிலித் தழும்பு இருந்தால் இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள், ஆறிவிடும்.

ராத்திரி டூட்டி | ஞாயிறு இரவு 7:30

எங்களிடம் வரும்போது எங்கள் வேலை மூச்சைக் காப்பாற்றுவது. யாரையும் பிடித்துக் கொடுப்பது இல்லை.

அடுத்து என்ன செய்வது என்று பவானிக்கரை கேட்காவிட்டாலும் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே மனநலப் பிரிவு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வார்டில் சொல்லுங்கள். புப்ரெனார்ஃபினை நலோக்சோனோடு சேர்த்து, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரையாகக் கொடுப்பார்கள். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். அது அந்த நடுக்கத்தையும் ஏக்கத்தையும் அடக்கும், ஆளை மயக்காது. வேலைக்குப் போகலாம். எத்தனை மாசம், எத்தனை வருஷம் என்று டாக்டர்தான் முடிவு செய்வார், அவசரப்பட்டு நிறுத்தச் சொல்லாதீர்கள். நம் மாநிலத்தில் 2025இல் அரசு ஆஸ்பத்திரிகளில் "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் திறந்தார்கள். 14446 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

2019இல் எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு வந்தது. ஊசியில் போதை ஏற்றுகிறவர்கள் நாட்டில் எட்டரை லட்சம் பேர் என்றது. சட்டவிரோதப் போதைக்கு அடிமைப்பட்டவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மீதிப் பத்தொன்பது பேர் யார் என்று எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்கள்.

ஒன்பது வருஷம் | ஞாயிறு இரவு 9:00

எனக்கு உயிர் கொடுத்தது அந்த நாக்கடி மாத்திரைதான். ஒரு காலத்தில் எதை ஊசியில் போட்டு அழிந்தேனோ, அதே மருந்தை டாக்டர் கையால் அளந்து வாங்கிச் சாப்பிட்டு எழுந்தேன். நாலு வருஷம் சாப்பிட்டேன், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டேன். நடுவில் இரண்டு முறை வழுக்கினேன். அந்த டாக்டர் இரண்டு முறையும், "வந்துட்டீங்கல்ல, உட்காருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பவானிக்கரை | ஏழு வாரம் கழித்து

இழையைத் தேடிப் பிடித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்கு நன்றி.

எச்ஐவி இல்லை. ஹெபடைட்டிஸ் சி இருக்கிறது, மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். இடுப்புக்கு எலும்பு டாக்டரிடம் காட்டினோம். தண்டுவடத் தட்டு ஒன்று விலகியிருக்கிறது. இனி மூட்டை தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். பிசியோதெரபி போகிறான். மண்டி முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், எடைச்சீட்டு எழுத உட்காரட்டும் என்றார். கூலி பாதிதான். அவனுக்கு மாத்திரை கொடுத்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முயற்சி செய்தேன். ஒருநாள் வந்தார், அப்புறம் வரவில்லை. விடப்போவதில்லை.

தினமும் காலையில் ஆஸ்பத்திரியில் நாக்கடி மாத்திரை. ஒருமுறை வழுக்கினான், மூன்றாம் வாரம். அவனே வந்து சொன்னான். நான் கையை ஓங்கிவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன், டாக்டரிடம் போனோம்.

அப்பா சிரிஞ்சை பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். தம்பி மனசு நோகுமோ என்று போன வாரம் பூட்டாமல் விட்டிருக்கிறார். இவன் பார்த்துவிட்டு, "பூட்டியே வைங்கப்பா" என்று சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

ராத்திரி டூட்டி அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த வாரம் பண்டிகை லீவு, மூன்று நாள் மாத்திரை கொடுக்கும் பிரிவு இருக்காதோ என்று பயமாக இருக்கிறது. நடுவில் விட்டுப்போனால் என்ன செய்வது?

ராத்திரி டூட்டி | அதே நாள் இரவு 8:45

விட்டுப்போகக் கூடாது. நாளைக்கே டாக்டரிடம் லீவைப் பற்றிக் கேளுங்கள், கடைசி நாள் வரை வைக்காதீர்கள். லீவில் எங்கே வந்து வாங்க வேண்டும் என்று சொல்வார், அல்லது நிலைமையைப் பார்த்து அந்த நாட்களுக்கு மட்டும் வீட்டுக்குக் கொடுத்து விடுவார். அப்படிக் கொடுத்தால் உங்கள் கையில் வாங்கி, சிரிஞ்சோடு சேர்த்து அதே பீரோவில் வையுங்கள். காலையில் நீங்களே எடுத்துக் கொடுங்கள், கரைகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், நாளைக்கு எனக்குப் பகல் டூட்டிதான், பார்க்கிறேன்.